புற்றுக்குக் காப்பீடு, சோதனைக்குக் கைவிரிப்பு

குடல் மருத்துவத்தில் இந்தியாவின் தலைநகரம் ஹைதராபாத் என்று சொன்னால் மிகையாகாது. கச்சிபவுலியில் உள்ள ஏ.ஐ.ஜி. மருத்துவமனைக்கு வெளிநாடுகளிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். அகநோக்கிக் கருவியால் சிகிச்சை செய்யும் கலையைக் கற்றுக்கொள்ள மருத்துவர்களும் வருகிறார்கள். அதன் நிறுவனர் டாக்டர் நாகேஸ்வர ரெட்டிக்கு 2025இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அவர் பயின்ற இடங்கள் கர்னூல் மருத்துவக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி, சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை. மூன்றும் மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. மக்கள் பணத்தில் வளர்ந்த அறிவு அந்த மக்களில் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியை எழுப்புவதற்குப் பெருங்குடல் பாலிப் என்ற சிறிய சதை வளர்ச்சி போதும். உரிய காலத்தில் கண்டுகொண்டால் வயிற்றைக் கிழிக்காமல், அரை மணி, ஒரு மணி நேரத்தில் அகற்றிவிடலாம். கண்டுகொள்ளாமல் விட்டால், அவற்றில் சில பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வந்து நிற்கும். பாலிப்புக்கும் புற்றுக்கும் இடையில் இயற்கை இவ்வளவு நீண்ட அவகாசம் தருகிறது. அந்த அவகாசம் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படாமல் போவதற்கு மருத்துவ அறிவின் குறை காரணமல்ல. அரசுகள் பணத்தை எங்கே செலவிடுகின்றன என்பதே காரணம்.

பாலிப் என்பது என்ன?

பெருங்குடலின் உட்சுவரில் காளான் போலக் காம்புடனோ, தட்டையாகவோ முளைக்கும் சதையே பாலிப். எல்லாப் பாலிப்பும் ஒன்றல்ல. வயதைப் பொறுத்து அதன் பொருள் மாறும்.

2 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைக்கு வலியே இல்லாமல் மலத்தோடு செந்நிற இரத்தம் வந்தால், பெரும்பாலும் அது சிறார் பாலிப்பாக இருக்கும். மலக்குடலிலோ அதையடுத்த பகுதியிலோ ஒன்றிரண்டு மட்டும் முளைக்கும் இத்தகைய பாலிப் புற்றாக மாறுவது மிக அரிது. அதை அகற்றிவிட்டால் இரத்தப்போக்கு நின்றுவிடும். ஆனால் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தாலும், குடும்பத்தில் வேறொருவருக்கு இருந்திருந்தாலும் அது பரம்பரை நோயாக இருக்கக்கூடும். அந்தக் குழந்தைக்குத் தொடர் கண்காணிப்பு வேண்டும்.

இருபது, முப்பது வயதினரிடம் கவனிக்க வேண்டியவை அடினோமா வகையும், இரம்பப் பல் போன்ற அமைப்புடைய பாலிப்புகளும். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் இவற்றிலிருந்தே தோன்றுகிறது. அடினோமாக்களில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை என்பதும் உண்மை. எது மாறும், எது மாறாது என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாததால்தான் கண்ணில் பட்டதை அகற்றிவிடுகிறார்கள்.

மூன்றாவது, பரம்பரையாக வருவது. குடும்பப் பாலிப் நோயில் ஏ.பி.சி. என்ற மரபணு பழுதடைந்திருக்கும். பதின்ம வயதிலேயே பெருங்குடலில் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் பாலிப்புகள் முளைக்கத் தொடங்கும். சிகிச்சை செய்யாவிட்டால் நாற்பது வயதையொட்டிப் புற்றுநோய் வருவது ஏறக்குறைய உறுதி. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஏறத்தாழ 10 ஆயிரம் பேரில் ஒருவருக்கே வரும் அரிய நோய் என்றாலும், வந்த குடும்பத்தை அது தலைமுறை தலைமுறையாகத் தாக்குகிறது. லிஞ்ச் நோய் என்ற மற்றொரு பரம்பரை நோயில் பாலிப்புகள் குறைவு. ஆனால் அவை மிக விரைவாகப் புற்றாகின்றன.

அறிவியல் தந்துவிட்டது

நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வுல்ஃபும் கம்பிச் சுருக்கைக் கொண்டு அகநோக்கி வழியாகவே பெருங்குடல் பாலிப்பை அகற்றியது 1969இல். மரபணுக்களில் படிப்படியாகச் சேரும் பழுதுகளால் பாலிப் புற்றாகிறது என்ற விளக்கத்தை 1990இல் ஃபியரோனும் வோகல்ஸ்டைனும் முன்வைத்தார்கள். ஏ.பி.சி. மரபணு அடையாளம் காணப்பட்டது 1991இல். பாலிப்புகளை அகற்றினால் பெருங்குடல் புற்றுநோய் வெகுவாகக் குறைகிறது என்று அமெரிக்காவின் தேசியப் பாலிப் ஆய்வு 1993இல் காட்டியது. அதே ஆய்வில் பங்கேற்றவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்தபோது, புற்றால் நேரும் மரணம் பாதிக்கு மேல் குறைந்திருந்ததாக 2012இல் தெரிவிக்கப்பட்டது.

செய்ய வேண்டியது என்ன என்பது தெரிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்படியிருந்தும், 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாக வருகிறது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் மேலை நாடுகளைவிட இது குறைவு. ஆனால் இங்கு வரும் நோயாளிகளில் இளையவர்களின் பங்கு அதிகம், முற்றிய நிலையில் வருபவர்களும் அதிகம் என்று புற்றுநோய் மருத்துவர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள்.

‘மூலம்’ என்னும் முத்திரை

முற்றிய நிலையில் வருவதற்கு முதற்காரணம் ஒரு சொல். மலத்தில் இரத்தம் என்றதும் நோயாளியும், வீட்டாரும், பல நேரங்களில் மருத்துவரும் ‘மூலம்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஹைதராபாத்தின் சுவர்களிலும் மின்கம்பங்களிலும், தமிழக நகரங்களின் பேருந்து நிலையங்களிலும் மூலம், பவுத்திரம் குணமாக்கும் விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. மருந்துக் கடையில் களிம்பு கிடைக்கிறது. சில நாளில் இரத்தம் நின்றுவிடுகிறது. பாலிப்பிலிருந்து கசியும் இரத்தமும் விட்டுவிட்டுத்தான் வரும் என்பதால், களிம்பு குணப்படுத்திவிட்டது என்ற நம்பிக்கை பிறக்கிறது. இப்படியே இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

இளம்வயதில் இரத்தப்போக்குக்குப் பெரும்பாலும் மூலமோ ஆசனவாய் வெடிப்போதான் காரணம் என்பது மெய். ஆனால் பார்த்துச் சொல்வது வேறு, பாராமல் சொல்வது வேறு. கையுறை அணிந்த விரலால் மலக்குடலைத் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும், செலவும் இல்லை. நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் அந்த இரண்டு நிமிடமும், ஒதுக்குப்புறமான ஓர் அறையும் கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, இளம்வயதுப் பெருங்குடல் புற்றுக்கு முன்னோடியாக நான்கு அறிகுறிகளைச் சுட்டியது: வயிற்றுவலி, மலவாயில் இரத்தப்போக்கு, தொடர்ந்த வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை. இந்தியச் சூழலில் இந்த நான்காவது அறிகுறி தனிக் கவனத்திற்குரியது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருக்கிறது. எல்லோருக்கும் இருக்கிறது என்பதாலேயே யாருக்கு ஏன் வந்தது என்று எவரும் கேட்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். பெண் என்றால் மாதவிடாயின் மேல் பழி, ஏழை என்றால் சாப்பாட்டின் மேல் பழி. குடலில் எங்கோ ஒரு பாலிப் துளித்துளியாக இரத்தம் சிந்திக்கொண்டிருக்கலாம் என்ற ஐயமே எழுவதில்லை. வறுமையே நோயை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

காப்பீடு எங்கே நிற்கிறது?

ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2007இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ, பின்னர் பல மாநிலக் காப்பீட்டுத் திட்டங்களுக்கு முன்மாதிரியானது. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்தது. தெலங்கானா அரசு 2023 டிசம்பரில் ஆரோக்கியஸ்ரீயின் வரம்பை 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

இத்திட்டங்களால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இவை யாவும் மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டவை. வயிற்றில் என்ன கோளாறு என்று தெரியாத நிலையில் வெளிநோயாளியாக வந்து செய்துகொள்ளும் சோதனைக்கு இவற்றில் பெரும்பாலும் இடமில்லை. புற்று முற்றிக் குடலையே அறுத்தெடுக்க வேண்டி வந்தால் லட்சங்கள் தரப்படும். அது புற்றாகுமுன் கண்டறிய சில ஆயிரம் தேவைப்பட்டால் சொந்தப் பையில் கையை விட வேண்டும். நோயை முற்றவிட்டவருக்கே அரசின் பணம் என்பது பொருளாதாரக் கணக்கிலும் அறிவீனம். அறுவையில் தனியார் மருத்துவமனைக்கு வருவாய் உண்டு, வருமுன் காப்பதில் அது இல்லை என்று பார்த்தால் மட்டுமே இந்த ஏற்பாடு விளங்கும். இந்தக் காப்பீட்டையும் முழுக்க நம்பியிருக்க முடியாது. 2025 செப்டம்பரில் நிலுவைத்தொகை வரவில்லை என்று தெலங்கானாவின் தனியார் மருத்துவமனைகளில் ஒரு பகுதி ஆரோக்கியஸ்ரீ சேவையை நிறுத்தி வைத்தது.

வெளிநோயாளிச் சோதனைக்கும் சேர்த்துப் பாதுகாப்பளிக்கும் பழைய ஏற்பாடு இ.எஸ்.ஐ. தொழிலாளர் இயக்கம் போற்றிக் காத்த உரிமை அது. சனத்நகரில் அதற்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே உண்டு. ஆனால் ஊதிய வரம்பு 2017 முதல் மாதம் 21 ஆயிரம் ரூபாயில் நிற்கிறது. அதைச் சற்றே தாண்டியவர் வெளியேற்றப்படுகிறார். செயலி வழி உணவு கொண்டுசெல்லும் இளைஞரும், ஆட்டோ ஓட்டுபவரும், கட்டடத் தொழிலாளியும் அதன் வாசலையே மிதித்ததில்லை.

கட்டணம் மட்டும் தடையல்ல. கொலோனோஸ்கோபிக்கு முதல்நாள் இலேசான உணவு மட்டும் உண்டு, பேதிமருந்துக் கரைசலை லிட்டர் கணக்கில் குடித்துக் குடலைச் சுத்தப்படுத்த வேண்டும். பத்துப் பதினைந்து முறை கழிப்பறைக்குப் போக நேரும். ஐந்தாறு குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை, நாளில் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் என்றிருக்கும் ஒண்டுக்குடித்தனத்தில் ஓர் இளம்பெண் இதை எப்படிச் செய்வாள்? குடல் சரியாகச் சுத்தமாகாவிட்டால் சிறு பாலிப்புகள் கண்ணுக்குத் தப்பிவிடும், சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். முதல்நாள் கூலி போயிற்று, சோதனை நாள் கூலி போயிற்று, மயக்கம் தெளிந்தவரை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வரும் துணையின் கூலியும் போயிற்று. சோதனையை ‘இலவசம்’ என்று அறிவித்தாலும் அன்றாடங்காய்ச்சிக்கு அது இலவசமாகாது. கழிப்பறை வசதியோடு ஓர் இரவு தங்கும் படுக்கையும், இழந்த கூலிக்கு ஈடும் சேர்ந்தால்தான் ஆகும்.

மறுபுறத்தில் மிகைச் சோதனை

நகரத்தின் மேற்கே, ஹைடெக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்களைச் சுற்றி வேறொரு காட்சி. ‘முழு உடல் பரிசோதனை’ பொட்டலங்கள் தள்ளுபடி விலையில் விற்கப்படுகின்றன. இளைஞர்களுக்குப் புற்றுநோய் பெருகுகிறது என்ற அச்சம் நல்ல விற்பனைச் சரக்கு. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேர் மருத்துவமனைக் குழுமத்தின் பெரும்பான்மைப் பங்குகளை 2023இல் அமெரிக்க நிதி நிறுவனமான பிளாக்ஸ்டோன் வாங்கியது. மருத்துவமனையில் நிதிமூலதனம் நுழையும்போது, ஒவ்வொரு படுக்கையும் ஒவ்வொரு கருவியும் ஈட்ட வேண்டிய இலாபத்துக்குக் கணக்கு வைக்கப்படும்.

அறிகுறியும் இல்லாமல், குடும்ப வரலாறும் இல்லாமல் இருக்கும் 25 வயது இளைஞருக்குக் கொலோனோஸ்கோபி தேவையில்லை. அரிதாகவே என்றாலும் குடலில் துளை விழுவதும் இரத்தப்போக்கும் நேரக்கூடும். இளையோரிடையே நோய் கூடுவதைக் கண்ட அமெரிக்காகூட 2021இல் பொதுவான பரிசோதனைத் தொடக்க வயதை 50இலிருந்து 45ஆகத்தான் குறைத்தது. ஆகவே வேண்டுவது எல்லா இளைஞருக்கும் சோதனை என்ற முழக்கமல்ல. அறிகுறி உள்ள எந்த இளைஞருக்கும் சோதனை மறுக்கப்படக் கூடாது என்பதே. இன்று நடப்பது தலைகீழ். தேவையற்றவருக்குப் பொட்டலமும், தேவைப்பட்டவருக்குக் களிம்பும் கிடைக்கின்றன.

கண்டபின் செய்ய வேண்டியவை

பாலிப்பை அகற்றுவதோடு வேலை முடிவதில்லை. அகற்றிய சதை திசு ஆய்வுக்குப் போக வேண்டும். அந்த அறிக்கை நோயாளியின் கைக்கு வர வேண்டும். எத்தனை, எவ்வளவு பெரியது, எந்த வகை என்ற மூன்றையும் வைத்தே அடுத்த சோதனை எப்போது என்பது முடிவாகும். அமெரிக்கக் குடல் மருத்துவச் சங்கங்கள் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 10 மில்லிமீட்டருக்கும் சிறிய அடினோமா ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் 7 முதல் 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் போதும். பெரியதாகவோ, ஐந்து முதல் பத்து வரையிலோ இருந்தால் 3 ஆண்டுகளில் பார்க்க வேண்டும். பத்துக்கு மேல் இருந்தால் ஓராண்டில் மறுசோதனை. பரம்பரை நோயா என்றும் ஆராய வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவரை ஆண்டுதோறும் வரச்சொல்லி யாரும் ஏமாற்றவும் முடியாது, ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று அலட்சியமாக அனுப்பிவிடவும் முடியாது.

இளம்வயதில் ஒருவருக்குப் பல பாலிப்புகளோ புற்றுநோயோ கண்டறியப்பட்டால் நோயாளி அவர் ஒருவர் மட்டுமல்ல. உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் பார்க்கப்பட வேண்டியவர்கள். குடும்பப் பாலிப் நோயுள்ள வீட்டில் 10 முதல் 12 வயதிலேயே கண்காணிப்புத் தொடங்க வேண்டும். இங்கேதான் வெட்கமும் சமூக அச்சமும் குறுக்கே நிற்கின்றன. பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று தாய் மறைக்கிறாள். ஆண் மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்று மகள் மறைக்கிறாள். மாமன் வயிற்றுநோயில் செத்தார், பெரியப்பா மஞ்சளாகிச் செத்தார் என்று ஊர்ப்பேச்சாகக் கிடக்கும் செய்தியில் ஒரு குடும்பத்தின் மரபணு வரலாறே அடங்கியிருக்கலாம்.

அந்த வரலாற்றைப் படிக்கும் ஆற்றல் ஹைதராபாத்தின் பொதுத்துறையிலேயே உண்டு. செல், மூலக்கூறு உயிரியல் மையமும், மரபணு ரேகை மற்றும் நோய்க்கண்டறியும் மையமும் இந்த நகரில் மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனங்கள். நிம்ஸ், உஸ்மானியா, காந்தி மருத்துவமனைகளும் எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனையும் இதே நகரில்தான் உள்ளன. இவற்றை ஒன்றிணைத்து, பரம்பரைக் குடல்நோய்க் குடும்பங்களுக்கான பதிவேடு ஒன்றைத் தொடங்க அரசின் முடிவு மட்டுமே தேவை. பதிவேட்டில் பெயர் இருப்பதால் வேலையோ காப்பீடோ மறுக்கப்படாது என்ற சட்டப் பாதுகாப்பும் உடன் வர வேண்டும்.

பழி தனிமனிதர் மீதா?

இளையோரிடம் இந்நோய் ஏன் கூடுகிறது என்ற கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. உடற்பருமன், மது, புகை, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றின் பங்கு தெரிந்ததே. குடலில் வாழும் சிலவகைக் கோலி பாக்டீரியாக்கள் சுரக்கும் கோலிபாக்டின் என்ற நச்சு, குழந்தைப் பருவத்திலேயே மரபணுவில் தழும்பு விட்டுச் செல்லலாம் என்று 2025இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு கூறுகிறது. ‘துரித உணவு தின்றான், அனுபவிக்கிறான்’ என்று இளைஞர் மேல் பழிபோட்டு முடிக்க இது இடந்தரவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வண்டியோட்டி, நள்ளிரவில் கிடைத்ததைத் தின்று, பகலில் கழிப்பறைக்கு ஒதுங்க இடமின்றித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் வாழ்க்கையை இளைஞர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை.

கோரிக்கையும் கடமையும்

2016 முதல் ஒன்றிய அரசின் மக்கள்தொகைப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் என்ற மூன்று புற்றுநோய்களே உள்ளன. பெருங்குடல் அதில் இல்லை. 2017ஆம் ஆண்டுத் தேசிய நலக்கொள்கை, 2025க்குள் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 2.5 விழுக்காட்டை அரசுகள் மக்கள் நல்வாழ்வுக்குச் செலவிடும் என்று வாக்களித்தது. தேசிய நலக் கணக்குகளின்படி 2021-22இல் அது 1.84 விழுக்காடே; மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ 39 விழுக்காடு மக்களின் சொந்தப் பையிலிருந்து போனது. 2020 ஜூலை மழையில் வெள்ளம் புகுந்தபின் மூடப்பட்டது உஸ்மானியாவின் பழைய கட்டடம். புதிய மருத்துவமனைக்குக் கோஷாமஹாலில் அடிக்கல் நாட்டப்பட்டது 2025 ஜனவரியில்தான். ஏழைகளின் மருத்துவமனைக்கு அடிக்கல் வருவதற்கே நாலரை ஆண்டு பிடித்தது.

கோரிக்கைகள் தெளிவானவை. மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் எளிய சோதனை, 2018 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் பஸ்தி தவாகானாக்களிலும் தமிழ்நாட்டின் நகர்ப்புற, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பிரிட்டன் 2023இல் இதை அறிகுறி உள்ளவர்களுக்கான முதற்சோதனையாகப் பரிந்துரைத்துள்ளது. ஆனால் எச்சரிக்கை அறிகுறி தொடரும் இளைஞரை, இச்சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக மட்டும் திருப்பியனுப்பக் கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் அகநோக்கிப் பிரிவும், பெண் மருத்துவரும், திசு ஆய்வகமும் வேண்டும். காப்பீட்டுத் திட்டங்கள் வெளிநோயாளிச் சோதனையையும் ஏற்க வேண்டும். இ.எஸ்.ஐ. ஊதிய வரம்பு உயர வேண்டும். செயலித் தொழிலாளர்கள் அதில் சேர்க்கப்பட வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு கடமை முடிந்துவிடாது. நெல்லூரில் தோழர் சுந்தரய்யாவின் இளவல் டாக்டர் இராமச்சந்திர ரெட்டி வளர்த்தெடுத்த மக்கள் மருத்துவமனை, சிகிச்சையோடு ஊர்ப்புற மருத்துவ ஊழியர்களுக்குப் பயிற்சியும் தந்தது. எளிய மக்கள் முதலில் நம்பிப் போகும் இடத்திலேயே சரியான அறிவு இருக்க வேண்டும் என்பது அதன் பாடம். இன்று கிளைக் கூட்டத்திலும், சங்கக் கூட்டத்திலும், மாதர், வாலிபர் அமைப்புகளிலும் சில செய்திகளைச் சொல்லிவைக்க முடியும். மலத்தில் இரத்தம் வந்தால் பார்க்காமல் மூலம் என்று முடிவுகட்டாதே. இரும்புச்சத்து மாத்திரை தின்றும் இரத்தம் ஏறவில்லையென்றால் ஏன் என்று கேள். குழந்தைக்கு வலியின்றி இரத்தம் வந்தால் காத்திருக்காதே. குடும்பத்தில் யாருக்கேனும் குடற்புற்று வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதே. உறவினருக்கு எந்த வயதில் வந்ததோ, அதற்குப் பத்தாண்டு முன்பே சோதனையைத் தொடங்கு. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. துணைக்கு ஒரு தோழர் வருவார்.

இந்தச் செய்திகளைக் கேட்டு ஓர் இளைஞர் அரசு மருத்துவமனையின் வாசலுக்கு வரும்போது, அங்கே மருத்துவரும் கருவியும் காத்திருக்க வேண்டும். அதற்கான போராட்டமும், அவரை வாசல்வரை அழைத்து வரும் வேலையும் ஒருசேர நடக்க வேண்டும்.